இடது கால்

எலுமிச்சம்பழம் நாலையும் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாகிவிட்டது, இனி இறங்கி ஓட முடியாது. தரணீஷ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வலது கால் பிரேக்கில், இடது கால் கிளட்சில், இரண்டையும் காலடியில் பாம்பு கிடக்கிற மாதிரி அழுத்தி வைத்திருந்தான். என்ஜின் ஓடவில்லை. என்ஜின் ஓடாதபோது கிளட்சை மிதிக்க வேண்டியதில்லை, அது அவனுக்கும் தெரியும், ஆனாலும் காலை எடுக்கத் தைரியமில்லை. எடுத்தால் திரும்ப வைக்கிறபோது இடம் மாறிப்போய்விடும் என்று தோன்றியது, இருட்டில் செருப்பைத் துழாவுகிற மாதிரி துழாவ வேண்டியிருக்கும், அதை அப்பா பார்ப்பார். முனியப்பன் கோயில் பள்ளத்தில் இருக்கிறது, பைபாஸ் ரோடு மேட்டில் இருக்கிறது, நடுவே மண் கொட்டிச் சரிவு போட்டிருக்கிறார்கள். அந்தச் சரிவில்தான் கார் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. திருச்செங்கோட்டுச் சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டி வாங்கினாலும், போர்வெல் போடுகிற ரிக் வண்டியோ லாரியோ மொபெட்டோ, இங்கே கொண்டுவந்து பூசை போட்டுத்தான் ரோட்டில் ஏற்றுவார்கள். வீட்டு ஆள்தான் எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் பழத்தை நசுக்கிக்கொண்டு மேலே போய்விட வேண்டும். பாதியில் வண்டி ஆஃப் ஆகிவிட்டாலோ பின்னால் உருண்டுவிட்டாலோ அவ்வளவுதான், அந்த வண்டிக்கு அது ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். மாமன் மகன் பூபாலன் காலையிலேயே அந்தக் கதையைச் சொல்லித் தொலைத்துவிட்டான், எவனோ ஒரு டிரைவர் புது ரிக் வண்டியைப் பழத்தின் மேலேயே ஆஃப் பண்ணினானாம், முதல் போரிலேயே தண்ணீர் வராமல் புகை வந்ததாம், மூணாம் மாசம் முதலாளி படுத்தாராம். "உனக்கு எதுக்கு மாப்ள அதெல்லாம், நீ ஜம்முனு எடுத்துருவ," என்று முதுகில் தட்டினான். தட்டிய இடம் இன்னும் சூடாக இருக்கிறது. ஜம்முனு. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது அந்த வார்த்தை.

பூசாரி கற்பூரத்தைத் தட்டில் வைத்துத் தீக்குச்சியைக் கிழிக்கிறார், மேலே ஒரு லாரி போகிறது, காற்று வருகிறது, அணைகிறது. திரும்பக் கிழிக்கிறார். திரும்ப லாரி. இந்தக் கற்பூரம் பற்றவே கூடாது என்று தரணீஷ் முனியப்பனை வேண்டிக்கொண்டான், அப்புறம் சீக்கிரம் பற்றித் தொலையட்டும் என்றும் வேண்டிக்கொண்டான். இரண்டையும் கேட்ட முனியப்பன் அரிவாளோடு மேலே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் அப்பா. வெள்ளை வேட்டி, புதுத் துண்டு, நெற்றியில் சந்தனம், ஊன்றுகட்டைகள் இரண்டும் பின் சீட்டில் படுக்கப் போட்டிருந்தன. வேட்டி வலது பக்கம் தரை வரை நேராக இறங்கியது, இடது பக்கம் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மடிந்து கிடந்தது. அர்த்தநாரி டிரைவர் என்றால் ரிக் வண்டிக்காரர்கள் மத்தியில் எல்லோருக்கும் தெரியும். ராஜஸ்தான் மணலிலும் சத்தீஸ்கர் காட்டிலும் ரிக்கை ஏற்றி இறக்கியவர், எந்த மேட்டிலும் கியர் மாற்றுகிற சத்தம் வெளியே கேட்காது என்பார்கள். தரணீஷ் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா ஊருக்கு வந்தால் வேட்டியைத் தூக்கி இரண்டு கெண்டைக்காலையும் காட்டுவார். "எது பெருசு சொல்லு." இடதுதான் பெரிசாக இருக்கும், தேங்காய் மாதிரி உருண்டு. "கிளட்ச் மிதிச்சு வந்ததுடா. நெசமான டிரைவரானு பாக்கோணும்னா லைசென்ஸக் கேக்காத, எடது காலப் பாரு." அந்தக் கால்தான் போனது. சத்தீஸ்கரில் எங்கேயோ கம்பி குத்தியது, சக்கரை உடம்பு, புண்ணோடேயே வண்டி ஓட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார், வந்தபோது விரல் கறுத்திருந்தது. ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது எந்தக் கால் என்று. எது என்று அவருக்குத் தெரியாதா என்ன, தெரிந்துதான் கேட்டார். இடது என்று அம்மா சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கிளட்ச்சு," என்றார். கால் இல்லை என்று சொல்லவில்லை பாருங்கள். கிளட்ச் என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் இப்போது தரணீஷின் இடது காலுக்கு அடியில் இருக்கிறது, மிதித்தால் உள்ளே போகிறது, விட்டால் மேலே வருகிறது.

தொடை நடுங்க ஆரம்பித்தது. வலி இல்லை, சும்மா ஒரு துடிப்பு, தோலுக்கு அடியில் மீன் புரள்கிற மாதிரி. அப்பா பார்த்துவிடுவாரோ என்று இடது கையைத் தொடை மேல் வைத்து அமுக்கினான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம், ஆனால் காரை நிறுத்திக் கொடுத்த பூபாலன், இவன் ஏறி பிரேக்கை மிதித்ததும் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அதை இறக்கிவிட்டான். "ஹேண்ட் பிரேக்க எறக்கிட்டேன் மாப்ள. கால் பிரேக்லயே நில்லு. ஹேண்ட் பிரேக் போட்டு மேடு ஏத்தறதெல்லாம் டிரைவிங் ஸ்கூல் பொம்பளைங்க வேலை." அதைக் கேட்டு அங்கே நின்ற பெரியப்பா சித்தப்பா எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூல். அந்தக் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தது. இவன் விட்டது சரியா தப்பா என்று இவனுக்குத் தெரியவே தெரியாது, கார் நகரும், மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருப்பார், அவருடைய கால் மட்டும் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் மாஸ்டர் டீ குடிக்க இறங்கிவிட்டார், இவனே எடுத்தான், கார் தவளை மாதிரி துள்ளி நின்றது, எதிரில் இட்லிக் கடைக்காரர் தட்டோடு ஓடினார். அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாள் ஓட்டியது இவன் இல்லை. வீட்டில் சொல்லவில்லை. லைசென்ஸ் தபாலில் வந்த அன்று அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் ஊன்றுகட்டையோடு போய்வந்தார். அன்றைக்குப் போய் எப்படிச் சொல்வது. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இப்போது இந்தக் கார் இங்கே இருக்காது. இருந்திருக்கும். அதுவும் தெரியவில்லை.

கார் விற்கிற இடத்தில் இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே வெள்ளை, ஒரே கம்பெனி. விற்கிற பையன் தரணீஷைவிட ஒன்றிரண்டு வயசுதான் கூட இருப்பான், டை கட்டியிருந்தான், அப்பாவின் வேட்டியைப் பார்த்தான், ஊன்றுகட்டையைப் பார்த்தான், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். "அண்ணா, உங்களுக்கு ஆட்டோ கியர் பெஸ்ட். கிளட்ச்சே கெடையாது. வலது கால் ஒண்ணு போதும், நீங்களே ஓட்டலாம்." தரணீஷுக்கு ஒரு நிமிஷம் காதுக்குள் மழை பெய்கிற மாதிரி இருந்தது. இடது கால் வேண்டாம். அப்பாவுக்கும் வேண்டாம், இவனுக்கும் வேண்டாம். கதை முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். அப்பா அந்தக் கார்க் கதவைத் திறந்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், கியர்க் கம்பி இருக்கிற இடத்தில் நின்ற சின்னக் குச்சியைப் பார்த்தார். அதைத் தொடக்கூட இல்லை. கதவைச் சாத்தினார். "பொம்பளைங்க ஓட்ற வண்டிய எனக்கு எதுக்குத் தம்பி காட்ற," என்றார். பையன் மன்னிப்புக் கேட்டான். எதற்குக் கேட்டான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. "நம்முளுக்கு இதான். பையன் ஓட்டுவான்." இரண்டாவது காரின் பானட்டில் தட்டினார். பையன் ஓட்டுவான். தரணீஷ் தலையை ஆட்டினான். ஏன் ஆட்டினான். வாய் என்று ஒன்று இருக்கிறது, திறந்தால் சத்தம் வரும், ப்பா எனக்கு வராது, மூணே வார்த்தை. அதை விட்டுவிட்டுத் தலையை ஆட்டினான், பூம்பூம் மாடு மாதிரி.

என்னதான் இருக்கிறது இந்தக் கியரில். இதை அவன் பலமுறை யோசித்திருக்கிறான், அம்மாவின் ஸ்கூட்டியில் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறான், ஏனென்றால் அந்த ஸ்கூட்டியில் போனாலே யாராவது கேட்பார்கள். "என்ன மாப்ள, அத்தை வண்டியா? பூக்கூடை எங்க காணோம்?" பூபாலன் பைக்கில் பக்கத்தில் வந்து, தேவையே இல்லாமல் கியரைக் குறைத்து உறுமவிட்டுப் போவான். பிளஸ் டூ படிக்கும்போது பெஞ்சில் பேச்சே இதுதான், எவன் எத்தனையாவது கியரில் எந்த மேட்டில் ஏற்றினான் என்று. பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று இவன் நின்றுவிட்டான், மொபைல் கடையில் ஸ்கிரீன் மாற்றுகிறான், கை நடுங்காமல் முடி மாதிரி ஒயரைப் பற்றவைக்கிறான், அதை எவனும் ஆம்பளை வேலை என்று சொன்னதில்லை. கணக்கு டீச்சர் ஒருத்தர் கியர் கார் ஓட்டிக்கொண்டு வருவார், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. ஸ்கூல் கேட் சந்தில் ஒரே வெட்டில் ரிவர்ஸ் எடுத்து மரத்தடியில் விடுவார். பசங்க வாயைப் பிளந்துகொண்டு, "டீச்சர் ஆம்பள மாதிரி ஓட்றாங்கடா," என்பார்கள். அது பாராட்டு. அப்படியானால் நன்றாக ஓட்டுகிற பொம்பளை ஆம்பளை ஆகிவிடுகிறாள், மோசமாக ஓட்டுகிற ஆம்பளை பொம்பளை ஆகிவிடுகிறான், இதில் நிஜமான ஆம்பளை எங்கே இருக்கிறான், கியர் பாக்ஸுக்குள்ளேயா. அம்மா ஒருதரம் அப்பாவோடு லாரியில் போனபோது டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாளாம், சும்மா ஒரு ஆசைக்கு. அப்பா டீ வாங்கிக்கொண்டு வந்தவர், "கீழ எறங்கு, எவனாச்சும் பாத்தா என்ன நெனப்பான்," என்றாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். யாருக்கும் சொல்லிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டால் எதுவும் பெரிய வித்தைதான். பொம்பளைகளை ஏற விடாமல் வைத்துவிட்டு, பாரு அவர்களுக்கு வரவில்லை என்பது. சரி, அது தப்பு என்று தெரிகிறது இல்லையா, தெரிந்தால் அப்புறம் என்ன, தெரிந்தவன் கால் ஏன் இப்படி நடுங்குகிறது. தப்பு என்று மூளைக்குத் தெரிகிறது. கெண்டைக்காலுக்குத் தெரியவில்லை. பேண்ட்டுக்குள் தன் இடது கெண்டைக்காலை நினைத்துப் பார்த்தான், குச்சி, வலதும் குச்சி, இரண்டும் ஒரே அளவு.

"தீப்பெட்டி நமுத்துப் போச்சுங்," என்று பூசாரி சொல்லிவிட்டு வேறு தீப்பெட்டிக்கு ஆள் அனுப்பினார். இன்னும் நேரம் இருக்கிறது. நேரம் இருப்பதுதான் கொடுமை. கண்ணாடியில் பார்த்தான். காருக்கு நேர் பின்னால் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை, கண்ணாடியில் சின்னதாக, கைக்குள் அடங்குகிற மாதிரி. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஓரத்தில் வேப்ப மரத்து நிழலில் நிற்க, அவள் மட்டும் நடுவில். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோகிற அந்த ஒரு நொடி, கிளட்ச் பிடிக்கவில்லை என்றால், கார் பின்னால்தான் போகும். பின்னால் அம்மா. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அம்மா, தள்ளி நில்லுங்," என்றான். யாரோ ஒரு அத்தை, "ராசாத்தி, இந்தப் பக்கம் வந்துரு, வண்டி பின்னால வந்துச்சுன்னா," என்றாள். அம்மா இடத்தை விட்டு அசையவில்லை. "எம் பையன் ஓட்டறான். அவங்கப்பன் ரத்தம். எதுக்கு பின்னால வருது?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் தெரிகிற அவன் கண்ணைப் பார்த்துச் சிரித்தாள். கொல்லுகிறார்கள். ஆளாளுக்கு நம்பிக்கை வைத்துக் கொல்லுகிறார்கள். ரத்தம் ஓட்டுமா வண்டியை. அப்பனுடைய ரத்தத்தில் சக்கரைதான் இருந்தது.

இந்த மாதிரி நினைத்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டு முன்னால் பார்த்தான். முன்கண்ணாடிக்கு மேலே, தூரத்தில், திருச்செங்கோட்டு மலை தெரிந்தது. அந்த மலைச் சாமியின் பெயரைத்தான் அப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள். பாதி ஆண், பாதி பெண். வலது பக்கம் வேட்டி, இடது பக்கம் சேலை. சின்ன வயசில் கூட்டத்தில் தோளில் உட்கார்ந்து பார்த்தது, அப்பா தோள், அந்த இடது காலும் சேர்ந்து தாங்கிய தோள். திடீரென்று ஒன்று உறைத்தது, உறைத்ததும் சிரிப்பு வந்தது, சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்தான். சாமிக்கே இடது கால் அம்மனுடையது. கிளட்ச் மிதிக்கிற கால். இவ்வளவு நாள் கெண்டையைக் காட்டிக் காட்டி மீசை முறுக்கிய அந்தப் பக்கம் பொம்பளைப் பக்கம். இதை அப்பாவிடம் சொன்னால் என்ன சொல்வார். அறைவார். அறைய மாட்டார், கால் போனதிலிருந்து அவர் யாரையும் அறைவதில்லை, அதுவே பயமாக இருக்கிறது. ஓரக்கண்ணால் பார்த்தான். அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே லாரி ஒன்று கியர் மாற்றிக்கொண்டு ஏறியது, சத்தம் கீழே இறங்கி மறுபடி எழுந்தது. அந்தச் சத்தம் இறங்கிய அதே நேரம் வேட்டிக்குள் அப்பாவின் இடது தொடை எழுந்தது. எழுந்து, அமுங்கியது. எவனோ ஓட்டுகிற லாரிக்கு அப்பா கிளட்ச் மிதித்தார். இல்லாத காலால். வீட்டில் டிவி பார்க்கும்போதும் இதைப் பார்த்திருக்கிறான், பஸ்ஸில் போகும்போதும். அதற்குமேல் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்பாவின் நெற்றியில் சந்தனத்தை மீறி வியர்வை ஓடியது. ஏசி இல்லை, வெயில், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டான்.

தீப்பெட்டி வந்தது. கற்பூரம் இந்தமுறை பிடித்துக்கொண்டது. பூசாரி காரைச் சுற்றினார், பூசணிக்காயைத் தூக்கி உடைத்தார், சிவப்பும் விதையுமாகச் சிதறியது, ஒரு துண்டு வந்து முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. தேங்காய் உடைந்த சத்தம் கேட்டது, ஒரே அடியில் இரண்டாக, எல்லோரும் முகம் மலர்ந்தார்கள். "எடு கண்ணு," என்றார் பூசாரி. சாவியைத் திருப்பினான். என்ஜின் வந்தது. முதல் கியர், விழுந்தது, அது விழுந்ததே பெரிய சந்தோஷம். கிளட்சை மெதுவாக விட வேண்டும், மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக, மாஸ்டர் கால் எவ்வளவு மெதுவாக விட்டது, இப்போது பிடிக்கும், இப்போது, எங்கேயோ ஒரு இடத்தில் கார் லேசாக மூச்சு விடும் என்பார்கள், விடவில்லை, கண்ணாடியில் அம்மா, பட்டுச்சேலை, வலது கால் ஆக்சிலேட்டருக்குப் போனது, இடது கால் யாரோ சுட்ட மாதிரி மேலே வந்துவிட்டது. கார் ஒரு குதி குதித்தது. முன்சக்கரம் பழத்தின் மேல் ஏறி, மனசு மாறி இறங்கியது. என்ஜின் செத்தது. பின்னால் உருண்டது. யாரோ ஒரு பொம்பளை கத்தினாள். பிரேக்கை மிதித்தான், உயிரைக் கொடுத்து மிதித்தான், நின்றது. கண்ணாடியில் அம்மா இருந்த இடத்தில் அம்மா இருந்தாள், ஆனால் பெரிதாக இருந்தாள், தட்டுச் சாய்ந்து ஆரத்தித் தண்ணீர் சேலையில் சிவப்பாக ஊற்றியிருந்தது. அவள் நகரவில்லை. மேலே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போன சத்தம் போய் முடியும்வரைக்கும் கேட்டது.

பூபாலன் ஓடி வந்து ஜன்னலில் கையை வைத்தான். சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டான், அதையும் சொல்ல வேண்டும். "எறங்கு மாப்ள. நான் ரோட்ல ஏத்திக் குடுக்கறேன். மேல வந்து வாங்கிக்க." தரணீஷின் கை கதவுக்குப் போனது. இறங்கிவிட்டால் போதும், இன்றைக்கு இறங்கினால் இனிமேல் எவனும் ஓட்டச் சொல்ல மாட்டான், கல்யாண வீடு, எழவு வீடு எல்லாவற்றிலும் சொல்லிச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "பூபாலா," என்றார் அப்பா. குரல் தாழ்ந்திருந்தது. "நீ போயி உங்கத்தையக் கூட்டிட்டு ஓரமா நில்லு. அந்தக் கண்ணாடிய ஏத்துடா." தரணீஷ் ஜன்னலை ஏற்றினான். வெளிச்சத்தம் அடங்கியது. காருக்குள் சூடும் கற்பூர வாசனையும் இரண்டு பேரும். இப்போது திட்டு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. வராததால் இவனே வாயைத் திறந்தான், இத்தனை நாளும் திறக்காத வாய் தப்பான நேரத்தில் திறந்துகொண்டது.

"அன்னைக்கு அந்த இன்னொரு வண்டிய எடுத்திருந்தா நீங்களே ஓட்டியிருப்பீங்ப்பா. இந்தக் கருமம் எதுவுமே இருந்திருக்காது."

அப்பா கண்ணாடியில் ஒட்டியிருந்த பூசணித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்," என்றார்.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்." துண்டால் முகத்தைத் துடைத்தார், சந்தனம் துண்டோடு போனது. "அத வாங்கியிருந்தா எல்லாரும் சாவியக் கையில குடுத்து ஓட்டுங்கம்பாங்க. ஓட்டோணும். ஒத்தக் காலு போதும்னு வேற சொல்லிட்டான் அந்தப் பையன். என்னன்னு சொல்லித் தப்பிக்கறது?" மேலே லாரி ஒன்று வந்தது, அது தாண்டிப் போகிறவரைக்கும் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "அந்தச் சத்தம் கேட்டா வயித்தக் கலக்குதுடா. புண்ணோட ஓட்டிட்டு வந்தேன்ல, வழியெல்லாம் காலு மரத்துப்போயி எங்க மிதிக்கறேன்னே தெரியாம வந்தேன். ரெண்டு தடவ எதுத்தாப்புல வந்தவன் ஒதுங்குனதுனால பொழச்சேன். இப்ப ரோட்டுல ஒக்காந்தாலே அதான் வருது. கியர் வண்டின்னா, காலு இல்ல, அதான் ஓட்டலன்னு சொல்லிக்கலாம்ல."

தரணீஷ் கேட்டுக்கொண்டிருந்தான். பொம்பளைங்க ஓட்ற வண்டி. அந்தக் கதவைச் சாத்திய கை, எட்டிப் பார்த்துவிட்டுத் தொடாத கை. நெற்றி வியர்வை. இத்தனை நாள் மலை என்று நினைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்த ஒன்று, பக்கத்து சீட்டில் வேர்த்து உட்கார்ந்திருந்தது.

"எனக்கும்தாங்ப்பா," என்றான்.

"உனக்கென்ன?"

"பயம். கிளட்ச் வரவே இல்ல எனக்கு. டிரைவிங் ஸ்கூல்ல மாஸ்டர்தான் மிதிச்சாரு."

அப்பா திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிய லைசென்ஸ் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மூக்கு வழியாக ஒரு காற்று வெளியே வந்தது, அது சிரிப்பு என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆனது. "அப்ப இந்த வண்டில ரெண்டு பேருக்குமே எடது காலு இல்ல," என்றார். சொல்லிவிட்டு, இரண்டு சீட்டுக்கும் நடுவில் படுத்துக் கிடந்த ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தார். கர்ர்ர் என்று பல்லைக் கடிக்கிற அந்தச் சத்தம் வெளியே நன்றாகக் கேட்டிருக்கும். வேப்ப மரத்தடியில் பூபாலன் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "பிரேக்ல இருந்து கால எடு. வண்டி எங்கயும் போகாது, நான் புடிச்சிருக்கேன். கிளட்ச்ச விட்டுட்டே வா. மூக்கத் தூக்குற மாதிரி இருந்தா சொல்லு, எறக்கறேன்."

"உங்களுக்கே தெரியும்ல, நான் எதுக்குச் சொல்லோணும்?"

"தெரியும். நீ சொல்லு."

சாவி. என்ஜின். முதல் கியர். பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தான், நிஜமாகவே கார் எங்கேயும் போகவில்லை, அப்பாவின் கை பிடித்திருந்தது, கை நரம்பு புடைத்திருந்தது. கண்ணாடியில் யாரும் இல்லை, வெறும் மண், சிந்திய சிவப்புத் தண்ணீர். ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்தான். இடது காலை விட்டான், இன்னும் விட்டான், குச்சிக் கால் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டான். எங்கேயோ ஓரிடத்தில் பானட் ஒரு விரற்கடை எழுந்தது. சத்தம் கனத்தது. கார் கட்டிப்போட்ட மாடு மாதிரி முன்னால் இழுத்தது. இதுதானா. இவ்வளவுதானா இது.

"இப்போ," என்றான்.

ஹேண்ட் பிரேக் இறங்கியது. காலடியில் பழம் நசுங்குகிற சத்தம் கேட்டது, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, காருக்குள் எலுமிச்சை வாசனை ஏறியது, வெளியே யாரோ குலவை போட்டார்கள், அம்மாவாகத்தான் இருக்கும். கார் மேட்டில் ஏறி ரோட்டோரம் சமமானது. பின்னால் தொலைவில் லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. அப்பாவின் கை ஹேண்ட் பிரேக்கை விடவில்லை. தரணீஷ் ஓரக்கண்ணால் பார்த்தான், அவர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடியிருந்தார். பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டான். என்ஜின் முதல் கியரிலேயே கதறியது.

"ரெண்டு," என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல். வேட்டிக்குள் அந்தத் தொடை எழுந்தது. தரணீஷ் மிதித்தான்.